நான்கு குரலுக்கு எழுதுவது எப்படி? கீபோர்டு தெரிந்த ஒருவருக்கு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். ராயபுரத்தில் ஒரு சர்ச் கொயர். கீபோர்டு வாசிப்பவருக்கு ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்க வரும், கார்டுகளும் நன்றாகத் தெரியும். கிறிஸ்துமஸ் ஆராதனைக்காக ஒரு புதுப் பாட்டுக்கு சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு பார்ட்டும் எழுதிப் பார்த்தார். கார்டு எதுவும் தப்பில்லை. ஆனாலும் பாடும்போது சப்பென்று இருக்கிறது. டெனர் பாடுகிறவர்கள் நாலு பார் தாண்டுவதற்குள் தங்கள் பார்ட்டை விட்டுவிட்டு மெட்டுக்குப் போய்விடுகிறார்கள். எங்கே தப்பு, எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?

எழுதும்போது உங்கள் கை கீபோர்டிலேயே இருந்திருக்கிறது. வலது கையில் எஃப், ஏ, சி பிடிக்கிறீர்கள். அடுத்த கார்டுக்கு அப்படியே ஒரு கட்டை மேலே தள்ளி ஜி, பி, டி. மூன்று விரலும் ஒன்றாக நகர்கின்றன. கீபோர்டில் இதில் குற்றமே இல்லை. அதையே பிரித்து மூன்று குரல்களுக்குக் கொடுத்தால் மூன்று பேரும் ஒரே மெட்டை மூன்று உயரத்தில் பாடுகிறார்கள். டெனருக்கென்று தனியாக ஒரு மெட்டு இல்லாததால் அவர் காது சத்தமான பக்கம், அதாவது சொப்ரானோ பக்கம், போகிறது. அவரைக் கோபித்துப் பயனில்லை. நான்கு பார்ட் எழுதுவதென்றால் நான்கு மெட்டு எழுதுவது. அவை சந்திக்கும் இடங்களில் கார்டு விழ வேண்டும். புத்தகங்களில் உள்ள விதிகளில் முக்கால்வாசி இந்த ஒரே தேவையிலிருந்து வந்தவைதான்.

முதலில் குரல்களின் எல்லை. மிடில் சியை சி4 என்று வைத்துக்கொள்வோம். பாடப்புத்தகக் கணக்கில் சொப்ரானோ சி4 முதல் ஜி5 வரை, ஆல்ட்டோ ஜி3 முதல் டி5 வரை, டெனர் சி3 முதல் ஜி4 வரை, பேஸ் எஃப்2 முதல் சி4 வரை. வேலை முடிந்து சனிக்கிழமை சாயங்காலம் பிராக்டிஸுக்கு வருகிறவர்களுக்கு இந்த எல்லையின் இரண்டு ஓரங்களையும் நம்பி எழுதாதீர்கள். பயிற்சி இல்லாத சொப்ரானோவுக்கு ஈ5க்கு மேல் நீளமாக நிற்பது கஷ்டம். ஆல்ட்டோ ஏ3க்குக் கீழே போனால் யாருக்கும் கேட்காது. டெனரில்தான் பெரிய சிக்கல்: பெரும்பாலான கொயர்களில் டெனர் பாடுகிறவர் உண்மையில் நடுத்தரக் குரல்காரர், எஃப்4 வந்தாலே கத்தத் தொடங்குவார். ஒரு தடவை தொட்டுவிட்டு வருவது வேறு, அங்கேயே நாலு பார் உட்கார்ந்திருப்பது வேறு. பேஸ் ஜி2க்குக் கீழே போனால் சுவர் உள்ள இடத்தில் கொஞ்சம் கேட்கும். டிசம்பர் ராத்திரி கேரல்ஸுக்காகக் காசிமேட்டுத் தெருக்களில் நின்று பாடும்போது ஆட்டோ சத்தத்தில் அந்த நோட்டு காணாமலே போய்விடும். வெளியே பாடப்போகிற பாட்டுக்கு பேஸை சி3யைச் சுற்றியே வையுங்கள்.

அடுத்தது குரல்களுக்கு நடுவிலான தூரம். சொப்ரானோவுக்கும் ஆல்ட்டோவுக்கும் இடையில் ஒரு ஆக்டேவுக்கு மேல் போகக்கூடாது. ஆல்ட்டோவுக்கும் டெனருக்கும் இடையிலும் அப்படியே. டெனருக்கும் பேஸுக்கும் நடுவில் மட்டும் அதற்கு மேல் விடலாம். காரணம் ஒலியிலேயே இருக்கிறது: கீழ் ஸ்தாயியில் நெருக்கமாக வைத்த தேர்ட் (சி, ஈ போல நடுவில் ஒரு சுரம் விட்ட இடைவெளி) குழம்பிக் கேட்கும், மேலே நெருக்கமாக வைத்தால் தெளிவாகக் கேட்கும். கீபோர்டின் இடது ஓரத்தில் சி2, ஈ2 இரண்டையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், பிறகு இரண்டு ஆக்டேவ் மேலே அதையே அழுத்துங்கள். வித்தியாசம் உடனே தெரிந்துவிடும். கூடவே, ஆல்ட்டோ நோட்டு சொப்ரானோவுக்கு மேலேயோ, டெனர் நோட்டு பேஸுக்குக் கீழேயோ போகவிடாதீர்கள். மெட்டு எதுவென்று காது தேடவேண்டி வரும்.

நான்கு குரல், மூன்று நோட்டு கார்டு (சி மேஜரில் ரூட் சி, தேர்ட் ஈ, ஃபிஃப்த் ஜி). அதனால் ஒரு நோட்டை இரண்டு பேர் பாடவேண்டும். எதை இரட்டிப்பது? ரூட் பேஸில் இருந்தால் ரூட்டையே இரட்டியுங்கள். ஃபர்ஸ்ட் இன்வெர்ஷனில், அதாவது பேஸில் தேர்ட் இருந்தால், ரூட்டோ ஃபிஃப்தோ எது எளிதாக அமைகிறதோ அது. செகண்ட் இன்வெர்ஷனில் பேஸில் உள்ள ஃபிஃப்த். விட்டுவிடலாம் என்று அனுமதி உள்ள ஒரே நோட்டு ஃபிஃப்த். தேர்ட் இல்லாமல் போனால் மேஜரா மைனரா என்றே தெரியாது, கார்டு வெறுமையாகக் கேட்கும். எந்தக் காரணத்துக்காகவும் இரட்டிக்கக் கூடாதது லீடிங் நோட், நம் கணக்கில் ‘நி’. சி மேஜரில் பி. அது ‘ச’வுக்குப் போகத் துடிக்கிற சுரம். இரண்டு பேரிடம் கொடுத்தால் இருவரும் ‘ச’வுக்குப் போவார்கள், அங்கே பேரலல் ஆக்டேவ் (கீழே விளக்குகிறேன்) வந்துவிடும், ஒருவரைத் தடுத்தால் அவர் பார்ட் முறிந்ததுபோல இருக்கும்.

இனி நகர்த்துவது. இரண்டு கார்டுக்கும் பொதுவான நோட்டு இருந்தால் அதை அதே குரலில் நிறுத்துங்கள், மற்றவர்களைப் பக்கத்து நோட்டுக்கு நகர்த்துங்கள். சி மேஜரிலிருந்து ஏ மைனருக்குப் போனால் சி, ஈ இரண்டும் பொது. ஒருவர் மட்டும் ஜியிலிருந்து ஏவுக்கு நகர்ந்தால் போதும். சியிலிருந்து எஃப் மேஜருக்குப் போனால் சி மட்டும் பொது. பிரச்சினை வருவது பக்கத்துப் பக்கத்துக் கார்டுகளில்: எஃப் மேஜரிலிருந்து ஜி மேஜருக்குப் போகும்போது பொது நோட்டே கிடையாது. அங்கே விதி ஒன்றுதான். பேஸ் மேலே போனால் மேலுள்ள மூன்று குரலும் கீழே வர வேண்டும்.

இதைச் செய்யாவிட்டால் வருவதுதான் எல்லோரும் பயமுறுத்தும் பேரலல் ஃபிஃப்த், பேரலல் ஆக்டேவ். ஏதோ இரண்டு குரல்களுக்கு நடுவில் இப்போது சுத்தமான ஃபிஃப்த் இருக்கிறது. அடுத்த கார்டில் அதே இரண்டு குரல்களும் நகர்ந்து மறுபடியும் சுத்தமான ஃபிஃப்திலேயே நிற்கின்றன. அவ்வளவுதான் வரையறை. ஆக்டேவுக்கும் யூனிசனுக்கும் (இருவரும் ஒரே நோட்டு) இதே. இருவரும் நகராமல் அதே நோட்டைத் திருப்பிப் பாடினால் தப்பில்லை. இது பாவமோ புண்ணியமோ இல்லை. கிட்டார் பவர் கார்டு முழுவதுமே பேரலல் ஃபிஃப்த்தான், அங்கே அது அழகு. நான்கு குரலில் ஏன் கூடாதென்றால், ஃபிஃப்தும் ஆக்டேவும் மிக ஒட்டி இழையும் இடைவெளிகள். அந்த இடைவெளியிலேயே சேர்ந்து நகரும் இரண்டு குரல்களைக் காது ஒரே குரலாகக் கணக்கெடுத்துக்கொள்ளும். நான்கு பேர் பாடும் இடத்தில் திடீரென்று மூன்று பேராகக் கேட்கும். நீங்கள் சொன்ன ‘சப்பென்று இருக்கிறது’ பெரும்பாலும் இதுதான். வேண்டுமென்றே ஒரு வரி முழுக்க நால்வரையும் யூனிசனில் பாடவைப்பது வேறு விஷயம், தாராளமாகச் செய்யலாம். ஆர்கன் கூடவே ஆக்டேவில் வாசிப்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒரு சின்ன வரியை முழுதாகப் பார்ப்போம். சி மேஜர், நான்கு பீட் பார். சொப்ரானோவின் மெட்டு ஆறு நோட்டு: முதல் நான்கும் ஒரு பீட் வீதம், கடைசி இரண்டும் இரண்டு பீட் வீதம். கார்டுகள் வரிசையாக சி, பேஸில் பி வைத்த ஜி, சி, எஃப், ஜி, சி.

சொப்ரானோ: ஈ5 – டி5 – சி5 – சி5 – பி4 – சி5
ஆல்ட்டோ: ஜி4 – ஜி4 – ஜி4 – ஏ4 – ஜி4 – ஜி4
டெனர்: சி4 – டி4 – ஈ4 – எஃப்4 – டி4 – ஈ4
பேஸ்: சி3 – பி2 – சி3 – எஃப்3 – ஜி3 – சி3

முதலில் சொப்ரானோவையும் பேஸையும் மட்டும் சேர்த்து வாசியுங்கள். இரண்டே குரலில் பாட்டு நிற்கிறதா? நிற்கிறது. இதுதான் முதல் சோதனை; வெளிக்குரல் இரண்டும் சேர்ந்து நன்றாக இல்லையென்றால் நடுவில் எதை நிரப்பினாலும் தேறாது. இரண்டாவது கார்டில் பேஸுக்கு ஜி கொடுத்திருக்கலாம். ஆனால் சி, ஜி, சி, எஃப், ஜி, சி என்று போனால் பேஸ் வரி முழுக்கத் தாவிக்கொண்டே இருக்கும். பி2 வைத்ததும் சி, பி, சி என்று பக்கத்திலேயே நடக்கிறது, அதன்பிறகு வரும் தாவல்களுக்கும் அர்த்தம் வருகிறது. அந்தக் கார்டில் லீடிங் நோட் பேஸில் இருப்பதால் மேலே யாருக்கும் பி கொடுக்கவில்லை என்பதையும், அது முறையாக சி3க்கு ஏறிவிடுவதையும் கவனியுங்கள். சொப்ரானோவும் டெனரும் அங்கே டியை இரட்டிக்கிறார்கள்.

நான்காவதிலிருந்து ஐந்தாவது கார்டுதான் ஆபத்தான இடம். பேஸ் எஃப்3யிலிருந்து ஜி3க்கு ஏறுகிறது. மேலே மூன்றும் இறங்குகின்றன: சி5 பி4க்கு, ஏ4 ஜி4க்கு, எஃப்4 டி4க்கு. இங்கே கீபோர்டுப் பழக்கத்தில் டெனரை எஃப்4யிலிருந்து ஜி4க்கும், ஆல்ட்டோவை ஏ4யிலிருந்து பி4க்கும் தள்ளியிருந்தால் என்ன ஆகும்? டெனரும் பேஸும் பேரலல் ஆக்டேவ். ஆல்ட்டோவும் சொப்ரானோவும் ஒரே பி4; லீடிங் நோட் இரட்டிப்பு. கார்டில் டியே கிடையாது. போதாததற்கு டெனர் தன் எல்லையின் உச்சியில் தொங்குகிறார். ஒரே நகர்த்தலில் நான்கு கோளாறு. உங்கள் தாளை எடுத்து, நான்காம் கார்டுக்கு அடுத்து ஐந்தாம் கார்டு வரும் இடங்களை (ஸ்கேலின் நான்காம், ஐந்தாம் சுரங்களின் மேல் அமைபவை; சி மேஜரில் எஃப், ஜி) மட்டும் முதலில் பாருங்கள். அநேகமாகப் பாதிப் பிரச்சினை அங்கேயே கிடைக்கும்.

ஆல்ட்டோ வரியைப் பார்த்து ஆல்ட்டோ பாடுகிறவர்கள் சிரிப்பார்கள்: ஜி, ஜி, ஜி, ஏ, ஜி, ஜி. அந்தக் குரலின் தலையெழுத்து கொஞ்சம் அப்படித்தான். பாட எளிது என்பதால் இதை விட்டுவைக்கலாம். ஆனால் ஒரு பாட்டு முழுக்க இப்படியே ஓடினால் அவர்கள் தூங்கிவிடுவார்கள். சுருதியும் மெல்ல இறங்கும். சரிசெய்ய ஐந்தாவது கார்டில் இரண்டு பீட் இருக்கிறது: ஆல்ட்டோவுக்கு ஒரு பீட் ஜி4, ஒரு பீட் எஃப்4 கொடுத்து, கடைசியில் ஈ4க்கு இறக்குங்கள். அந்த எஃப் வந்ததும் கார்டு ஜி செவன் ஆகிவிடுகிறது. செவன்த் என்பது கீழே ஒரு படி இறங்கியே தீர வேண்டிய நோட்டு. எஃப் ஈக்கு இறங்குவதால் அந்தக் கடனும் தீர்ந்தது. இப்போது ஆல்ட்டோ ஈயில் இருப்பதால் டெனரை டி4யிலிருந்து சி4க்குக் கொண்டுவாருங்கள். கடைசிக் கார்டில் ஜி இருக்காது. பரவாயில்லை, முடிவுக் கார்டில் ஃபிஃப்த் இல்லாமல் இருப்பது எங்கும் சகஜம். டெனருக்கும் ஒரு சலுகை: நான்காவது பீட்டை இரண்டு அரை பீட்டாக்கி எஃப்4, ஈ4 என்று கொடுத்தால் அடுத்த டி4க்குத் தாவாமல் நடந்து வருவார். நடுவில் வரும் ஈ கார்டைச் சேர்ந்த நோட்டு அல்ல, பாஸிங் நோட். இப்படிப் போட்ட பிறகு பேரலல் இருக்கிறதா என்று மறுபடியும் பார்க்க வேண்டும். பாஸிங் நோட்டுகள் பழைய தப்பை மறைக்காது. சில சமயம் புதுத் தப்பைக் கொண்டுவரும்.

டெனருக்கு எஃப்4 உயரம் என்றால் மொத்தத்தையும் பி ஃபிளாட் மேஜருக்கு இறக்குங்கள். டெனரின் உச்சி ஈ ஃபிளாட் ஆகும், பேஸின் அடி ஏ2 ஆகும், சொப்ரானோ டி5யில் தொடங்கும். மூவருக்கும் சௌகரியம். சுருதியை எழுதி முடித்த பிறகு தீர்மானிப்பது தப்பில்லை; உங்கள் கொயரின் டெனரை வைத்துத் தீர்மானியுங்கள்.

லீடிங் நோட்டைப் பற்றி இன்னும் ஒன்று. சொப்ரானோவிலோ பேஸிலோ இருந்தால் அது ‘ச’வுக்கு ஏறியே ஆக வேண்டும், காது விடாது. ஆல்ட்டோவிலோ டெனரிலோ இருந்தால் தேர்ட் அளவு இறங்கி ‘ப’வுக்கு வரலாம். கடைசிக் கார்டு நிறைவாகக் கிடைக்க ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் இதை அடிக்கடி செய்திருக்கிறார்.

ஐந்தாம் கார்டிலிருந்து ஆறாம் கார்டுக்குப் போகும் ஏமாற்று முடிவையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். சி மேஜரில் ஜியிலிருந்து ஏ மைனர். பேஸ் ஜியிலிருந்து ஏவுக்கு ஏறும்போது, லீடிங் நோட் என்பதால் பி மட்டும் சிக்கு ஏறும், டி சிக்கு இறங்கும், ஜி ஈக்கு இறங்கும். ஏ மைனரில் சி இரட்டிக்கும், அதாவது தேர்ட் இரட்டிக்கிறது. ரூட்டைத்தான் இரட்டிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் ஜி ஏவுக்கு ஏறி பேஸோடு பேரலல் ஆக்டேவ் ஆகிவிடும்.

மைனரில் ஒரு பொறி இருக்கிறது. ஏ மைனரில் ஐந்தாம் கார்டு ஈ மேஜர், அதில் ஜி ஷார்ப் உண்டு. ஏதாவது ஒரு குரல் எஃப்பிலிருந்து நேராக ஜி ஷார்ப்புக்கு ஏறினால் அது ஒன்றரை டோன் தாவல். கீரவாணியில் ஊறிய தமிழ்க் காதுக்கு அந்தத் தாவல் இனிப்பாகத்தான் கேட்கும். ஒரு தனிப் பாடகர் பாடினால் அழகாகவும் இருக்கும். ஆனால் உள்குரலில் நாலு பேர் சேர்ந்து அதைச் சுருதியோடு பிடிப்பது கடினம். அதனால் டி மைனரிலிருந்து ஈ மேஜருக்குப் போகும்போது மேஜரில் செய்ததையே செய்யுங்கள்: பேஸ் டியிலிருந்து ஈக்கு ஏற, ஏ ஜி ஷார்ப்புக்கும் எஃப் ஈக்கும் டி பிக்கும் இறங்கட்டும்.

செகண்ட் இன்வெர்ஷனைக் கண்ட இடத்தில் போடாதீர்கள். கீபோர்டில் கைக்கு வசதி என்று பேஸில் ஃபிஃப்த் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. நான்கு குரலில் அது ஊன்றி நிற்காது. நம்பி வைக்கக்கூடிய இடம் முடிவுக்கு முன்னால்: பேஸில் ஜி, மேலே சி, ஈ, ஜி, இது பலமான பீட்டில் வரவேண்டும். அடுத்து பேஸ் ஜியிலேயே நிற்க, ஈ டிக்கும் சி பிக்கும் இறங்கும். பலவீனமான பீட்டில் வைத்தால் ஆள் மாறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். பேஸ் படிப்படியாக நடக்கும்போது நடுவில் ஒரு தடவை வந்துபோவதும், பேஸ் அசையாமல் நிற்க மேலே மட்டும் ஆடித் திரும்புவதும் மற்ற இரண்டு உபயோகங்கள். முதல் வருடத்துக்கு இவ்வளவு போதும்.

ஒரு முழுப் பாட்டை எடுத்தால் வேலை செய்யும் வரிசை முக்கியம். முதல் பாரிலிருந்து தொடங்கி நான்கு குரலையும் கார்டு கார்டாக நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். அப்படிப் போனால் வரியின் முடிவுக்கு வரும்போது சுவரில் முட்டிக்கொள்வீர்கள். மெட்டை எழுதி, ஒவ்வொரு வரியும் எங்கே மூச்சு விடுகிறது என்று குறியுங்கள். அந்த இடங்களுக்குக் கேடென்ஸை, அதாவது வரியை முடிக்கும் கார்டுகளை, முதலில் முடிவு செய்யுங்கள்: இங்கே ஐந்தாம் கார்டிலிருந்து முதல் கார்டுக்கு வரும் முழு முடிவா, ஐந்தாம் கார்டில் தொங்கும் அரை முடிவா, நான்காம் கார்டிலிருந்து முதல் கார்டுக்குப் போகும் ஆமென் முடிவா. நாலு வரிப் பாட்டில் நாலு வரியும் முழு முடிவு என்றால் நாலு பாட்டு போலாகிவிடும். பிறகு பேஸ் வரி, மெட்டுக்குக் கூடியவரை எதிர்த்திசையில். அந்த இரண்டும் சரியான பிறகுதான் ஆல்ட்டோ, டெனர். பீட்டுக்கு ஒரு கார்டு என்பது பாமாலைப் பாட்டுகளின் (மேல்நாட்டு மெட்டில் பாடும் சர்ச் பாட்டுகள்) சாதாரண நடை. உயரமான கூரை உள்ள பழைய ஆலயத்தில் எதிரொலி நீளம் என்றால் இரண்டு பீட்டுக்கு ஒரு கார்டாகக் குறையுங்கள், இல்லாவிட்டால் முந்தின கார்டின் வால் அடுத்ததோடு குழம்பும்.

தமிழ் வார்த்தை வந்ததும் இன்னொரு கணக்கும் சேர்கிறது, மேல்நாட்டுப் புத்தகம் எதிலும் இது இருக்காது. பாஸிங் நோட்டை நெடில் மேல் போடுங்கள். ‘வா’, ‘தே’, ‘நீ’ எல்லாம் இரண்டு மூன்று நோட்டைத் தாங்கும். ‘இரவு’, ‘அமைதி’ போன்ற சொற்களின் முதல் குறிலில் டெனருக்கு மட்டும் இரண்டு நோட்டு கொடுத்தால் அவர் ‘ஈரவு’, ‘ஆமைதி’ என்று பாடுவார். மற்ற மூவரும் சரியாகப் பாடியும் அந்த ஒரு நீட்டல்தான் வெளியே கேட்கும். ‘உள்ளம்’, ‘அன்னை’ மாதிரி ஒற்று இரட்டித்த சொல்லை நீளமான நோட்டில் வைத்தால் உயிரை நீட்டுவதா ஒற்றை நீட்டுவதா என்று ஆளுக்கொரு பக்கம் போவார்கள். எந்தப் பீட்டில் ஒற்றை மூட வேண்டும் என்று தாளிலேயே குறித்துவிடுங்கள். வரி முடிவில் வரும் ‘ர்’, ‘ல்’, ‘ம்’ நால்வருக்கும் ஒரே கணத்தில் மூட வேண்டும்.

புதுப் பாட்டு முடிந்ததும் அடுத்த ஆசை கீர்த்தனைக்கு நான்கு பார்ட் எழுதுவது. எல்லாக் கீர்த்தனைக்கும் இது பொருந்தாது. பாமாலை மெட்டுகள் கார்டை மனதில் வைத்துப் பிறந்தவை. கீர்த்தனை ராகத்தில் பிறந்தது. சங்கராபரணம் மேஜர் ஸ்கேலேதான் என்பதால் மேலே சொன்ன எல்லாம் செல்லும், கமகத்தை (சுரத்தை அசைத்துப் பாடுவதை) மட்டும் மெட்டுக்காரர் அளவாகப் பாட வேண்டும். ஹரிகாம்போஜியில் ‘நி’ இறங்கியிருப்பதால் ஐந்தாம் கார்டு மைனராகிவிடும், முடிவில் இழுப்பு இருக்காது. சி சுருதியில் பி ஃபிளாட் மேஜரிலிருந்து சிக்குப் போய் முடிப்பது அங்கே இயல்பாக அமையும். மோகனத்தில் ஐந்தே சுரம். அதற்குள்ளேயே கிடைக்கும் முழுக் கார்டு சி சுருதியில் இரண்டுதான், சி மேஜரும் ஏ மைனரும். எஃப்பும் பியும் சேர்த்தால் கார்டு தாராளமாகக் கிடைக்கும், ராகம் போய்விடும். மெட்டு மோகனமாகவே இருக்கட்டும், உள்குரலில் ‘நி’யை முடிவுகளில் மட்டும் விடலாம் என்பது என் கட்சி.

மாயாமாளவகௌளையில் ஐந்தாம் கார்டு ஜி, பி, டி ஃபிளாட். ஃபிஃப்த் அரை டோன் குறைந்து கார்டு தள்ளாடும். ‘ரி’ மேல் அமையும் டி ஃபிளாட் மேஜர் திடமானது. டி ஃபிளாட் மேஜரிலிருந்து சி மேஜருக்கு இறங்கினால் ராகமும் மணக்கும், முடிவும் நிற்கும். ஆனால் இரண்டும் பக்கத்துக் கார்டுகள் என்பதால் பேஸ் இறங்கும்போது மேல்குரல்கள் ஏற வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. தோடி போலக் கமகத்திலேயே உயிர் வைத்திருக்கும் ராகத்துக்குக் கார்டு வேண்டாம். பேஸ் ‘ச’விலும் டெனர் ‘ப’விலும் நிற்க, ஆல்ட்டோ சில இடங்களில் மெட்டோடு சேர்ந்தால் அதுவே நிறைவு.

எழுதி முடித்த பிறகு பரிசோதனை. நான்கு குரலில் ஆறு ஜோடி இருக்கிறது: சொப்ரானோ ஆல்ட்டோ, சொப்ரானோ டெனர், சொப்ரானோ பேஸ், ஆல்ட்டோ டெனர், ஆல்ட்டோ பேஸ், டெனர் பேஸ். ஒவ்வொரு கார்டிலும் எந்த ஜோடி ஃபிஃப்திலோ ஆக்டேவிலோ நிற்கிறது என்று பென்சிலால் வட்டமிடுங்கள், அடுத்த கார்டில் அதே ஜோடியை மட்டும் பாருங்கள். எல்லா ஜோடியையும் எல்லா இடத்திலும் தேடினால் கண் சோர்ந்துவிடும். கூடவே சொப்ரானோவும் பேஸும் ஒரே திசையில் நகர்ந்து ஃபிஃப்திலோ ஆக்டேவிலோ போய் விழும் இடங்களைப் பாருங்கள். சொப்ரானோ அங்கே தாவி வந்திருந்தால் மாற்றுங்கள், ஒரு படி நகர்ந்து வந்திருந்தால் விட்டுவிடலாம். அடுத்து லீடிங் நோட், செவன்த் இரண்டும் சேரவேண்டிய இடத்தில் சேர்ந்தனவா. கடைசியாக ஒவ்வொரு பார்ட்டையும் நீங்களே தனியாக, வார்த்தையோடு, வாய்விட்டுப் பாடுங்கள், ஆக்டேவ் மாற்றியாவது. உங்களுக்கு இரண்டு தடவை தடுக்கிய இடத்தில் கொயர் பத்துத் தடவை தடுக்கும். மியூஸ்ஸ்கோர் என்ற நோட்டேஷன் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, எழுத வசதி. ஆனால் அது பாடிக்காட்டுவதை நம்பாதீர்கள். கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்காது, ஜி ஷார்ப் பயமும் கிடையாது.

படிக்கச் சிறந்த இடம் பாஹ் நான்கு குரலுக்கு எழுதிய கோரல்கள் என்ற சர்ச் பாட்டுகள். அவர் மறைவுக்குப் பிறகு 1784 முதல் 1787 வரை நான்கு பாகமாக 371 கோரல்கள் அச்சாகின. பழைய இசைத்தாள்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஐஎம்எஸ்எல்பி இணையதளத்தில் காசில்லாமல் இறக்கலாம். ஒன்றை எடுத்து சொப்ரானோவையும் பேஸையும் மட்டும் தாளில் பிரதி எடுங்கள். ஆல்ட்டோ, டெனரை நீங்கள் நிரப்புங்கள். பிறகு அவருடையதோடு ஒப்பிடுங்கள். வேறுபட்ட இடங்களில் ஏன் அவர் அப்படிப் போனார் என்று கேட்டாலே பாதி பாடம் வந்துவிடும். அடுத்த கட்டத்தில் சொப்ரானோவை மட்டும் பிரதி எடுத்து பேஸும் நீங்களே எழுதுங்கள். தொடக்கத்தில் பாஸிங் நோட் அதிகமாக உள்ளவற்றை ஒதுக்கிவிடுங்கள். யாராவது தாளைத் திருத்தித் தந்தால் வேகமாக முன்னேறலாம். கோடு போட்ட மியூசிக் நோட்டுக்கு 1842இல் தொடங்கி, அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் கடை வரை போகலாம். இல்லையென்றால் ஒரு தாளில் ஸ்டாஃப் வரைந்து தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஐம்பது பிரதி எடுத்தாலும் அதே வேலைதான் நடக்கும்.

கொயருக்குக் கொடுக்கும் தாளில் ட்ரெபிள் ஸ்டாஃபில் சொப்ரானோவின் தண்டு மேலே, ஆல்ட்டோவின் தண்டு கீழே; பேஸ் ஸ்டாஃபில் டெனர் மேலே, பேஸ் கீழே. டெனர்காரர்களுக்கு பேஸ் கிளெஃப் வராது என்றால் அவர்களுக்குத் தனியாக ட்ரெபிள் கிளெஃபில், கீழே 8 போட்டு, ஒரு ஆக்டேவ் உயர்த்தி எழுதிக் கொடுங்கள். பிராக்டிஸில் டெனரையும் பேஸையும் முதலில் சேர்த்துப் பாடவைத்து, அடுத்து ஆல்ட்டோவைச் சேர்த்து, மெட்டைக் கடைசியாகக் கொண்டுவாருங்கள். மெட்டு இல்லாமலே தங்கள் பார்ட் காதில் ஏறிவிட்டால் அதன் பிறகு டெனர் சொப்ரானோ பக்கம் போகமாட்டார்.